111 ஏறியது, 114 ஏன் ஏறவில்லை? மீராபாய் சானு பற்றி ஓர் இழை

8 ஆகஸ்ட் 2024, காலை. வாசகர் கேள்வி

ராத்திரி தூங்காமல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாயின் பளுதூக்கும் போட்டியைப் பார்த்தேன். ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் போய்விட்டது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தவர் 111க்கே இரண்டு தடவை போராட வேண்டியிருந்தது. வயதாகிவிட்டதா, காயமா, பயிற்சிக் குறையா? இனி ஓய்வு பெறுவதுதான் மரியாதை என்கிறார் என் அண்ணன். பார், அதாவது பளுக் கம்பி, பிடித்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.

8 ஆகஸ்ட் 2024, பகல்

நான் பிடித்திருக்கிறேன். மாவட்ட அளவோடு சரி, ஆனால் சில வருடங்கள் விடாமல். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இந்த விளையாட்டில் இரண்டு தூக்கு. ஸ்னாட்சில் பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும், கிளீன் அண்ட் ஜெர்க்கில் தோளில் நிறுத்திப் பிறகு மேலே தள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி, இரண்டிலும் ஏறிய அதிக எடைகளின் கூட்டல்தான் மொத்தம். ஸ்னாட்சில் 85 ஏறியது. 88 முதலில் தவறியது, மறுபடி கேட்டு எடுத்தார். அந்த நேரத்தில் தாய்லாந்தின் சுரோத்சனாவும் 88தான், இருவரும் சமம். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 111 தவறியது, அதே எடை இரண்டாம் முறை ஏறியது, கடைசி 114 ஏறவில்லை. மொத்தம் 199. சுரோத்சனா 88ம் 112ம், மொத்தம் 200. மீராபாயின் 114 ஏறியிருந்தால் 202, வெண்கலம் இவருக்கு.

எல்லோரும் இந்த ஒரு கிலோவையே பேசுகிறார்கள். நான் பார்ப்பது வேறு ஒரு எண்ணை. இந்த ஏப்ரலில் பூக்கெட்டில் நடந்த உலகக் கோப்பையில் அவர் தூக்கியது 184. ஹாங்சோ ஆசியப் போட்டியில் இடுப்பில் அடிபட்டு, மாதக்கணக்கில் பாரைத் தொடாமல் இருந்து, திரும்பி வந்த முதல் போட்டி அது. அங்கிருந்து நாலு மாதத்தில் 199. நாற்பத்தொன்பது கிலோ உடம்பு நாலு மாதத்தில் 15 கிலோ ஏற்றுவது என்னவென்று தூக்கியவர்களுக்குத் தெரியும். நான் இரண்டரை கிலோ ஏற்ற ஒரு மழைக்காலம் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

ஓய்வு பற்றி உங்கள் அண்ணனோ நானோ முடிவு செய்ய வேண்டியதில்லை.

8 ஆகஸ்ட் 2024, இரவு

ஒருவர் கேட்டார்: "சின்ன வயதில் விறகு சுமந்த பலம்தானே அக்கா?"

இந்த விறகுக் கதையைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நாளை.

9 ஆகஸ்ட் 2024

மீராபாயின் ஊர் மணிப்பூரில், இம்பால் கிழக்கு மாவட்டத்து நோங்போக் காக்சிங். அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தங்கை அனாயாசமாகத் தூக்கிவந்தாள் என்ற கதை எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. உண்மைக் கதைதான், அந்தக் குடும்பமே சொன்னது. ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவர் பதினைந்து வருடமாகக் கற்ற வித்தை மறைந்துபோகிறது. விறகு சுமந்த பெண்கள் நம் ஊரிலும் லட்சம் பேர் உண்டு. ஒலிம்பிக் மேடையில் நின்றவர் இவர்.

இவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஸ்னாட்சைப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து தலைக்கு மேலே ஒரே வீச்சில் போக வேண்டிய தூக்கு அது. இடையில் தோளில் வைத்து மூச்சு வாங்க வழியில்லை. கைகளை அகல விரித்துப் பிடித்து, பார் மேலே போகும் நொடியில் அடியில் புகுந்து உட்கார வேண்டும். தோள்பட்டை இறுகியிருந்தாலோ, இடமும் வலமும் சமமாக வேலை செய்யாமல் இருந்தாலோ பார் முன்னாலோ பின்னாலோ போய்விடும். இங்கே வெறும் பலம் பாதிதான்.

மீராபாய்க்கு அங்கேதான் சிக்கல். கிளீன் அண்ட் ஜெர்க்கில் உலகின் முதல் வரிசை, ஸ்னாட்சில் இல்லை. 2021 ஏப்ரல், தாஷ்கண்ட் ஆசியச் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன 119 உலக சாதனை அன்று வந்ததுதான். அவ்வளவு தூக்கியும் அவருக்குக் கிடைத்தது வெண்கலம். ஸ்னாட்ச் 86, மொத்தம் 205. அதே மேடையில் சீனாவின் ஹோ ஜிஹுய் ஸ்னாட்சில் 96 தூக்கி அதில் உலக சாதனை செய்தார், மொத்தம் 213. முதல் பாதியிலேயே பத்து கிலோ பின்தங்கி நின்றால் இரண்டாம் பாதியில் உலக சாதனை செய்தும் எட்டிப் பிடிக்க முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதுவே. மீராபாய் 87ம் 115ம், மொத்தம் 202, வெள்ளி. ஹோ 94ம் 116ம், மொத்தம் 210. எட்டு கிலோ இடைவெளியில் ஏழு ஸ்னாட்சில் வந்தது.

நல்ல சமநிலையுள்ள வீராங்கனைக்கு ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க்கில் எண்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும். எங்கள் கோச் பழைய நோட்டில் எங்கள் எல்லோருக்கும் இதைத்தான் கணக்குப் போட்டு வைத்திருப்பார். டோக்கியோ ஹோவுக்கு 81. தாஷ்கண்ட் மீராபாய்க்கு 72.

9 ஆகஸ்ட் 2024, பிற்பகல்

ஒருவர் உடனே பிடித்துவிட்டார்: "அப்படியென்றால் பாரிஸில் ஸ்னாட்ச் 88, கிளீன் அண்ட் ஜெர்க் 111. இது 79 சதவீதம். பலவீனம் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் தோற்றார்?"

அருமையான கேள்வி. எனக்கும் காலையிலிருந்து இதுதான் மண்டையில் ஓடுகிறது. பாரிஸின் 88 டோக்கியோவை விட ஒரு கிலோ அதிகம். முப்பதைத் தொடும் வயதில், காயத்துக்குப் பிறகு, தன் பலவீனமான தூக்கில் முன்னேறியிருக்கிறார். சரிந்தது அவருடைய கோட்டை என்று நாம் நினைத்த இடம்.

காரணம் இடுப்பு என்று நினைக்கிறேன். கனமான கிளீனில் பாரைத் தோளில் வாங்கி ஆழ உட்கார்ந்து எழும்போது முழு பாரமும் இடுப்பிலும் தொடையிலும்தான் இறங்கும். ஹாங்சோவில் 117க்கு முயன்று விழுந்தவர். அந்த அடிக்குப் பிறகு கனமான கிளீனும் ஸ்குவாட்டும் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) பல மாதம் செய்ய முடியாமல் போனால் இரண்டாம் தூக்குத்தான் முதலில் இறங்கும். இது என் ஊகம், ஆனால் தூக்கியவர் ஊகம்.

10 ஆகஸ்ட் 2024

மாதவிடாய் பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் கீழே வரும் சில கேலிகளைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போட்டி முடிந்ததும் அவரே சொன்னார், அன்று மூன்றாம் நாள், உடம்பு பலவீனமாக இருந்தது என்று. உடனே "சாக்குச் சொல்கிறார்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. அவர் அதைத் தோல்விக்குக் காரணமாகக் காட்டி நழுவவில்லை. தன்னால் முடிந்ததைக் கொடுத்ததாகவும் சொன்னார், அன்றைய உடல்நிலையையும் சொன்னார், இரண்டும் உண்மை.

எங்கள் பயிற்சிக் கூடத்தில் பெண்கள் அந்த நாட்களில் வயிற்றுவலி என்று மட்டும் சொல்வோம். கோச்சுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருப்பார். இடுப்பு பெல்ட்டைக் கட்டுவதே அன்று வேதனை. அடிவயிற்றை இறுக்கி மூச்சைப் பிடித்துத்தான் பாரை எடுக்க வேண்டும், அந்த இடமே வலிக்கும்போது அந்த இறுக்கம் வராது. போட்டி நாள் நமக்காக மாறாது. இதோடு எடை பார்ப்பதையும் சேருங்கள். போட்டி தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது தராசில் ஏற வேண்டும். அந்த நாட்களில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அரைக் கிலோ குறைப்பதே பெரும்பாடு.

ஒலிம்பிக் மேடையிலிருந்து வந்த ஒருவர் இதை மைக் முன்னால் வெளிப்படையாகச் சொன்னதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. இன்று பயிற்சிக்குப் போகும் பதினாலு வயதுப் பிள்ளைக்குக் கோச்சிடம் இதைச் சொல்ல வாய் வரும்.

12 ஆகஸ்ட் 2024

ரியோ ஒலிம்பிக்கைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். சுருக்கமாக.

2016ல் பாட்டியாலாவில் நடந்த தேர்வில் 192 தூக்கினார். அது மணிப்பூரின் மூத்த வீராங்கனை குஞ்சராணி தேவி 12 வருடம் வைத்திருந்த 190 தேசிய சாதனையைத் தாண்டியது. குஞ்சராணியைப் பார்த்துத்தான் இவர் இந்த விளையாட்டுக்கே வந்தார். முதலில் வில்வித்தை கற்கத்தான் இம்பால் குமான் லம்பாக் மைதானத்துக்குப் போனவர்.

ரியோவில் ஆறு முயற்சியில் ஒன்றுதான் ஏறியது. கிளீன் அண்ட் ஜெர்க் மூன்றும் போய், பெயருக்குப் பக்கத்தில் மொத்த எடையே இல்லை. அந்தப் பிரிவில் வெள்ளி எவ்வளவு தெரியுமா? 192. வெண்கலம் வாங்கிய ஜப்பானின் மியாகே 188. தேர்வில் தூக்கியதை மட்டும் திரும்பத் தூக்கியிருந்தால் அன்றே பதக்கம்.

மூன்றும் தவறினால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும், சின்ன மேடையில். மேடையிலிருந்து இறங்கும்போது யாரும் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். அவருக்கு அது நூற்று முப்பது கோடிப் பேர் முன்னால் நடந்தது. அடுத்த வருடமே, 2017 நவம்பரில், அனஹைமில் 194 தூக்கி உலக சாம்பியன். கர்ணம் மல்லேஸ்வரி 1994லும் 1995லும் வென்றபின் 22 வருடம் கழித்து ஓர் இந்தியருக்கு அந்தத் தங்கம். என்னைக் கேட்டால் டோக்கியோ வெள்ளியை விட இதுதான் பெரிது. சரி, இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர் இருப்பார்கள்.

12 ஆகஸ்ட் 2024, இரவு

ஒப்புக்கொள்ளவில்லை. "அனஹைமில் சீனர்கள் வரவில்லை" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். உண்மை, ஊக்கமருந்துத் தடையால் அந்த வருடம் சீன அணி இல்லை. நான் பெரிது என்று சொன்னது எதிராளிகளை வைத்து இல்லை. ஆறில் ஐந்து தவறவிட்டவர் அடுத்த வருடம் அதே பாரின் முன் போய் நிற்கிறாரே, அதைச் சொன்னேன். எதிராளிதான் அளவுகோல் என்றால் 2022 பொகோட்டா உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். மணிக்கட்டில் காயத்தோடு 200 தூக்கி வெள்ளி. டோக்கியோ தங்கம் ஹோ ஜிஹுய் அன்று 198, மூன்றாம் இடம்.

15 ஆகஸ்ட் 2024

விறகை ஓரம் வைக்கச் சொன்ன நான், அவரைப் பயிற்சிக்கு ஏற்றிப்போன லாரியை ஓரம் வைக்க மாட்டேன். "இரண்டும் ஏழ்மைக் கதைதானே" என்று கேட்டவருக்கு இது.

வீட்டிலிருந்து இம்பால் பயிற்சிக் கூடம் இருபது கிலோமீட்டருக்கும் மேல். ஆற்று மணல் ஏற்றிப் போகும் லாரிகள் அந்த வழியில் போகும். ஓட்டுநர்கள் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போய் விட்டார்கள். டோக்கியோ முடிந்து ஊர் திரும்பியதும் அவர்களைத் தேடி, சுமார் 150 பேரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, சட்டையும் மணிப்பூரித் துண்டும் கொடுத்தார்.

இது ஏழ்மையைப் பற்றிய கதை மட்டும் இல்லை. கிராமத்துப் பெண் விளையாட்டை விடுவது பெரும்பாலும் பயிற்சிக் கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில்தான். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு. எங்களோடு தூக்கிய ஒரு பெண், என்னை விட நன்றாகத் தூக்குவாள், அந்த பஸ்ஸைப் பிடிக்க எப்போதும் பாதிப் பயிற்சியில் கிளம்புவாள். ஒருநாள் பஸ் வராமல் போனது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை, வீட்டில் விடவில்லை. பெண்பிள்ளையைத் தெரியாத லாரியில் ஏற்றிவிட ஒரு தாய்க்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற அந்த ஓட்டுநர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்திருக்க வேண்டும்! விறகு அவருடைய பலத்தை விளக்குவதாகச் சொல்கிறார்கள், விளக்கவில்லை. லாரி அவர் பயிற்சிக்கு எப்படிப் போனார் என்பதை விளக்குகிறது.

16 ஆகஸ்ட் 2024

தோள்பட்டை விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று ஒரு தம்பி நினைவூட்டினார். 2020 கடைசியில் அமெரிக்கா போய் ஆரோன் ஹோர்ஷிக் என்ற பிசியோதெரபிஸ்டிடம் வேலை செய்தார். முன்னாள் பளுதூக்கும் வீரர் அவர். தோள் சமமில்லாமல் இருந்ததை அங்கே ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். கோச் விஜய் ஷர்மா கூடவே இருந்தார். 119 வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து.

சின்னத் தசைகளுக்கு ரப்பர் பட்டையை வைத்துச் செய்யும் பயிற்சிகள் பார்க்கவே சலிப்பாக இருக்கும். அவற்றை யாரும் செய்தியாகப் போட மாட்டார்கள். எங்கள் கூடத்தில் ரப்பர் பட்டை என்பதே கிடையாது, பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருந்தோம். நன்றாகவே இழுக்கும்.

27 ஆகஸ்ட் 2025

ஒரு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத இழை. அகமதாபாத் காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியிருக்கிறார். 84ம் 109ம், மொத்தம் 193. பாரிஸுக்குப் பிறகு முதல் போட்டி.

எடைப் பிரிவுகளை மாற்றிவிட்டார்கள், அவருடைய 49 கிலோ பிரிவு இப்போது இல்லை, 48 கிலோதான். மறுபடி ஒரு கிலோ இறங்கியிருக்கிறார். ஒரு கிலோதானே என்று சொல்பவர்களுக்கு: இந்த உடம்பில் கொழுப்பு ஏற்கெனவே கிடையாது, குறைப்பது தசையில் இருந்துதான் வரும். 193ஐ அந்தக் கண்ணால் பார்க்கிறேன்.

3 அக்டோபர் 2025

நார்வேயின் ஃபோர்டே. உலக சாம்பியன்ஷிப். வெள்ளி!

ஸ்னாட்ச் 84. கிளீன் அண்ட் ஜெர்க் 109, 112, 115, மூன்றும் சுத்தமாக ஏறின. மொத்தம் 199. தாய்லாந்தின் தன்யதோன் 88ம் 110ம், 198, வெண்கலம். பாரிஸில் 199 தூக்கி ஒரு கிலோவில் பதக்கம் போனது. ஃபோர்டேவில் அதே 199, ஒரு கிலோவில் வெள்ளி வந்தது. எதிரே நின்றது அன்றும் தாய்லாந்து, இன்றும் தாய்லாந்து.

அந்த மூன்றாவது 115ஐத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஜெர்க்கில் கால் பிரிந்து இறங்கிய இடத்தில் ஓர் அசைவு இல்லை. ஹாங்சோவில் விழுந்த அதே இடுப்பு அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

4 அக்டோபர் 2025

"தங்கம் எவ்வளவு?" 213. வட கொரியாவின் ரி சோங் கும். 91ம் 122ம். வட கொரியர்கள் டோக்கியோவிலும் பாரிஸிலும் பளுதூக்க வரவில்லை. 2023 ஹாங்சோவில் திரும்பி வந்தபோது இதே ரி 124 தூக்கி உலக சாதனை செய்தார். பதினாலு கிலோ இடைவெளி சாதாரணம் இல்லை, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

6 அக்டோபர் 2025

உற்சாகம் கொஞ்சம் அடங்கிய பிறகு இன்னொரு யோசனை.

போன வருடம் பாரிஸ் எண்களைப் பார்த்து, ஸ்னாட்ச் சரியாகி, இடுப்பால் இரண்டாம் தூக்கு இறங்கியது என்றேன். இப்போது இடுப்பு தேறி இரண்டாம் தூக்கு 115க்கு வந்துவிட்டது, ஸ்னாட்ச் 84க்கு இறங்கிவிட்டது. 87 இரண்டு முறை தவறியது. சதவீதம் மறுபடி 73. ஒன்றை இழுத்தால் இன்னொன்று இறங்குகிறது. பாரிஸின் 88ஐயும் ஃபோர்டேவின் 115ஐயும் கூட்டினால் 203. அது 2020 பிப்ரவரியில் அவர் கொல்கத்தாவில் தூக்கிய தேசியச் சாம்பியன்ஷிப் எண், அச்சாக 88ம் 115ம். ஐந்தாண்டுக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அதற்குள் தோள், இடுப்பு, மணிக்கட்டு எல்லாம் ஒரு சுற்று அடிபட்டுவிட்டன.

எடை குறைப்பதால் ஸ்னாட்ச் முதலில் அடிபடுகிறதோ என்று தோன்றுகிறது. வேகம்தான் ஸ்னாட்சின் உயிர், பட்டினி கிடந்த உடம்பில் பலத்துக்கு முன்னால் வேகம் போகும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

6 அக்டோபர் 2025, இரவு

லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றிக் கேட்டவருக்கு. 2028 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மிகக் குறைந்த எடைப் பிரிவே 53 கிலோ. அப்போது அவருக்கு 34ஐ நெருங்கும். 48ல் இருப்பவர் 53க்கு ஏறினால் எதிரே இயல்பாகவே அந்த எடையில் வளர்ந்தவர்கள் நிற்பார்கள். கஷ்டம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் சொன்ன பட்டினிப் பிரச்சினை அங்கே தலைகீழாகிவிடும். வாழ்க்கை முழுக்கச் சாப்பாட்டை அளந்து தின்றவர் முதல்முறை வயிறாரச் சாப்பிட்டுப் பயிற்சி செய்யலாம்.

அதற்கு முன்னால் 2026 ஆசியப் போட்டி இருக்கிறது. ஒலிம்பிக், உலகம், காமன்வெல்த் எல்லாவற்றிலும் பதக்கம் உள்ளவரிடம் ஆசியப் போட்டிப் பதக்கம் மட்டும் இல்லை. 2018ல் முதுகுவலியால் போகவே முடியவில்லை, 2023ல் நாலாம் இடம். வட கொரியாவும் சீனாவும் தாய்லாந்தும் நிற்கும் ஆசியா இந்தப் பிரிவில் ஒலிம்பிக்கை விடக் கடினம். அங்கே அவர் முதல் ஸ்னாட்சுக்கு என்ன எடை கேட்கிறார் என்று பாருங்கள். 84க்கு மேல் கேட்டால் தோள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.